கையெழுத்திட மறுக்கும் குழுத் தலைவர் பக்கம் நிற்பதா, வேலையை முடிக்கச் சொல்வதா? மாநகராட்சிப் பள்ளிப் பெற்றோர் விவாதம்

கொருக்குப்பேட்டை அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். பள்ளியின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை.

எங்கள் பள்ளியில் இரண்டு தலைவர்கள் இருக்கிறார்கள். மேலாண்மைக் குழு கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்தது, பெற்றோர் ஆசிரியர் கழகம் அதற்கு முன்பிருந்தே இருப்பது. மேலாண்மைக் குழுத் தலைவர், மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாய். அண்ணா நகரில் வீட்டு வேலை செய்கிறவர். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் பெரியவர். மின்விசிறி, குடிநீர்த் தொட்டி என்று பள்ளிக்குப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவர். கோடை விடுமுறையில் வகுப்பறைகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலையைக் கழகத் தலைவர் தமக்குத் தெரிந்த மேஸ்திரியிடம் ஒப்படைத்தார். தலைமையாசிரியரும் சம்மதித்தார். வேலை முடிந்த பிறகு, அரசு தந்த பள்ளி மானியத்திலிருந்து மேஸ்திரிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று வங்கிக்கான தாளைக் குழுத் தலைவரிடம் நீட்டினார்கள். தீர்மானமும் இல்லை, விலைப்புள்ளியும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்று சொல்லி அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

வண்ணம் அடித்த கணக்கை முடித்தால்தான் அடுத்த செலவு என்கிறார் தலைமையாசிரியர். இதற்கிடையில் மாணவியர் கழிப்பறையின் கதவில் தாழ்ப்பாள் பெயர்ந்து, ஆணி போன ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். என் மகள் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலேயே மாலையில் வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தலைவரைக் கையெழுத்திடச் சொல்லி நாங்கள் வற்புறுத்த வேண்டுமா, அவர் பக்கம் நிற்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் முன்னாள் மாணவன்:

சகோதரிக்கு வணக்கம். கையெழுத்திடச் சொல்லி வற்புறுத்துங்கள் என்பதே என் கருத்து. வேலை நடந்திருக்கிறது, சுவரில் வண்ணம் கண்ணெதிரே இருக்கிறது, பணத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மேஸ்திரி கூலியாட்களுக்குக் கைக்காசைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். இதில் அவர் செய்த குற்றம் என்ன?

மேலாண்மைக் குழு என்ற பேச்சே இல்லாத காலத்தில் வடசென்னைப் பள்ளிகளைத் தாங்கி நின்றது பெற்றோர் ஆசிரியர் கழகம்தான். நான் படித்த பள்ளியில் பெஞ்சு முதல் மணி வரை எல்லாம் கழகத்தின் வழியாக வந்தவை. அப்படிக் கொடுத்துப் பழகியவரைக் கணக்குக் கேட்டுக் கூட்டத்தில் நிறுத்தினால், அடுத்த முறை அவர் பள்ளி வாசலை மிதிக்க மாட்டார். அரசு மானியம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். நடு ஆண்டில் மோட்டார் எரிந்துபோனால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? மேலும், என் அக்கா மகள் படிக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்கிறது. அங்கே இத்தகைய சண்டையே கிடையாது. ஆலோசனை சொல்ல வேண்டியவர்கள் அதிகாரம் செய்யப் போனதால் வந்த வினை இது.

வியாசர்பாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

ராயபுரம் தம்பியின் பள்ளிப் பற்றை மதிக்கிறேன். அவர் சொன்ன சட்டம் தவறு. குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் மட்டுமே பொருந்தும். மாநகராட்சிப் பள்ளி அந்த வகையில் வராது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தோ உள்ளாட்சி அமைப்பிடமிருந்தோ வேறு எந்த வழியிலோ வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவற்றைக் குழுவின் பணிகளாக வைத்திருக்கிறது. வேறு எந்த வழியிலும் என்று சட்டமே சொல்வதால், கழகம் திரட்டித் தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்பதையும் குழு கேட்கலாம். கேட்பது அவமரியாதை ஆகாது. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதற்குக் காரணம், அதுவரை அந்த நாற்காலிகளில் அவர்கள் உட்காரவில்லை என்பதே.

தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்திருப்பது, ஒருவர் மறுக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான். மறுக்கவே கூடாத கையெழுத்து எதற்கு? நான் பணியில் இருந்த காலத்தில், காலியான தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதன் விளைவைத் தணிக்கை வரும்போது அனுபவிப்பவர் கையெழுத்திட்ட தாய்தான், நன்கொடையாளர் அல்லர்.

ஆனால் இதில் என் கோபம் தலைமையாசிரியர் மீதே. குழுவைக் கூட்ட வேண்டியவரும், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டியவரும் அவர்தான். விடுமுறையில் ஒரு மாலை நேரம் குழுவைக் கூட்டி மூன்று விலைப்புள்ளிகளை மேசையில் வைத்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது. இப்போது ஒரு கணக்கைக் காட்டி மற்றக் கணக்கை அவர் நிறுத்தி வைத்திருப்பது முறையற்றது. 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியமாக ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கென்றே செலவிடப்பட வேண்டும். உங்கள் பள்ளி அந்த அளவினது என்றால் 7,500 ரூபாய் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் என ஏற்கெனவே ஒதுங்கி நிற்கிறது. தாழ்ப்பாளுக்கும் வண்ணத்துக்கும் முடிச்சுப் போட அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ராயபுரம் முன்னாள் மாணவன்:

ஐயா, சட்டத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதிவேடு எழுதினால் பள்ளி நடந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. மண்டல அலுவலகத்துக்கு மனு, மேலே புகார், விசாரணை என்று போனால் அது தெரு முழுவதும் பேசப்படும். எதிரே இருக்கும் தனியார் பள்ளிக்கு ஜூன் மாதத்தில் அதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும், பணியிடம் குறைந்தால் இன்னும் சேர்க்கை குறையும். கோபத்தில் கையெழுத்தை நிறுத்தி வைக்கும் அந்த அம்மையார் இதை யோசித்தாரா?

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்கிறேன். குழுத் தலைவர் மற்ற உறுப்பினர்களைக் கேட்டுத்தான் மறுத்தாரா? தனியாக ஒருவர் வேலை கொடுத்தது தவறு என்றால், தனியாக ஒருவர் மறுப்பதும் அதே தவறுதானே?

காசிமேடு மீனவப் பெற்றோர்:

கடைசிக் கேள்வி நியாயமானது. எங்கள் பள்ளியிலும் தலைவர் பதவிச் சண்டை வந்தது. அதன் வேர் யார் நல்லவர் என்பதில் இல்லை, யார் கூட்டத்துக்கு வர முடிகிறது என்பதில் இருந்தது. காசிமேட்டில் விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். மீன் எடுத்த பெண்கள் கூடையோடு தெருத்தெருவாகப் போய் விற்றுத் திரும்பும்போது நண்பகல் தாண்டிவிடும். பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? எப்போதும் வரும் அதே ஐந்தாறு பேர்தான் வருவார்கள், அவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள், பிறகு பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவரும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆண்களாவது வீட்டில் இருக்கிறோம் என்றால், அதில் பெரும்பகுதி பள்ளிக்கு விடுமுறை.

எனவே, இருவரில் ஒருவரை ஜெயிக்க வைப்பதற்கு முன்னால் கூட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள். எங்கள் பள்ளியில் மாலை ஐந்தரைக்கு மாற்றிய பிறகு முதல் கூட்டத்திலேயே வராந்தாவில் உட்கார இடமில்லை. அதுவரை இரு பக்கமும் ‘பெற்றோர் எல்லாரும் என் பின்னால் இருக்கிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்த பெண்கள் இரு பக்கத்தையும் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

ஆசிரியர் பக்கத்திலிருந்தும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இத்தகைய சண்டையில் எங்களை இரு தரப்பும் இழுக்கின்றன. கழகத் தலைவர் வந்தால் எழுந்து நின்றதற்குக் குழுவினர் கோபிக்கிறார்கள். குழுத் தலைவர் வகுப்பறையைப் பார்வையிட வந்தால், வேலைக்காரம்மா எங்களைச் சோதிப்பதா என்று ஆசிரியர் அறையிலேயே முணுமுணுப்பு எழுகிறது. அந்த முணுமுணுப்பை நான் கேட்டிருக்கிறேன். கடைக்காரப் பெரியவர் இதே மறுப்பைச் செய்திருந்தால் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் கிடைத்திருக்கும். ஒரு ஏழைத் தாய் செய்ததால் திமிர் என்கிறார்கள். ராயபுரம் அண்ணன் ‘கோபத்தில்’ என்று எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். சகோதரியின் பதிவில் அவர் கோபப்பட்டதாக எங்கும் இல்லை, காரணங்களைத்தான் சொல்லியிருக்கிறார்.

தற்காலிக ஆசிரியர் விவகாரத்தையும் மறக்க வேண்டாம். 2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்பலாம் என்று அரசு அறிவித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று ஊதியம் வைத்தார்கள். வேண்டியவர்களை வைத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தில் அது நீதிமன்றம் வரை போனது. இன்று வண்ணத்துக்கு விலைப்புள்ளி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், நாளை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த வாயால் விதி பேசுவோம்?

ராயபுரம் முன்னாள் மாணவன்:

ஆசிரியை அவர்கள் சொன்ன அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன், வாதத்தை விடவில்லை. முறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முடிந்துபோன வேலைக்கு இனி மூன்று விலைப்புள்ளி வாங்கினால் அது பொய்த்தாள் ஆகும். அப்போது மேஸ்திரியின் பணத்துக்கு வழி என்ன? அதைச் சொல்லாமல் தீர்மானம், சட்டம் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வியாசர்பாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

சரியான இடத்தைத் தொட்டீர்கள் தம்பி. பழைய தேதி போட்ட விலைப்புள்ளியை யாரும் எழுதக் கூடாது, அதை எழுதச் சொல்பவரை நம்பவும் கூடாது. நடந்ததை நடந்தபடியே குழுவின் முன் வைக்க வேண்டும்: குழுவின் ஒப்புதலின்றி வேலை கொடுக்கப்பட்டது, இத்தனை அறைகள், இவ்வளவு வண்ணம், இவ்வளவு கூலி. உறுப்பினர்களே அறை அறையாகப் போய் அளந்து பார்க்கட்டும். தொகை நியாயம் என்று குழு கருதினால், அதை மானியத்தில் ஏற்க முடியுமா என்று தலைமையாசிரியர் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேட்கட்டும். முடியாது என்று பதில் வந்தால், வேலையை ஒப்படைத்தவரும் சம்மதித்தவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். மேஸ்திரியை அலைக்கழிக்கக் கூடாது. இது புகார் அல்ல, தெருவுக்கு வர வேண்டியதும் அல்ல.

கொடுக்கும் மனமுள்ள பெரியவருக்கும் வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகப் பள்ளியைக் குறிப்பிட்டுக் கணக்கோடு கொடுக்கலாம். 2024இல் குழுக்களை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். தம்பி, உங்களைப் போன்றவர்கள் உங்கள் பள்ளியின் குழுவுக்குள் வந்து இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கொருக்குப்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ராயபுரம் அண்ணன் கேட்டதற்குப் பதில்: தலைவர் மறுப்பதற்கு முன் எங்களைக் கேட்கவில்லை, ஏனென்றால் தாள் அவர் வீட்டு வாசலுக்கு இரவு ஏழு மணிக்கு வந்தது, அங்கேயே கையெழுத்துக் கேட்டார்கள். மறுநாள் அவரே என்னிடம் வந்து சொன்னார்.

இன்று மாலை அவரையும் இன்னும் சில தாய்மாரையும் பார்த்தேன். மாலை ஆறு மணிக்குச் சிறப்புக் கூட்டம் வேண்டும் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். மாமன்ற உறுப்பினருக்கும் நகல் போகிறது, அவரும் குழுவில் இருக்கிறார். தாழ்ப்பாளை முதல் பொருளாகத் தனியே வைத்திருக்கிறோம், அதன் தாளில் அன்றே கையெழுத்திடத் தலைவர் சம்மதித்துவிட்டார். வண்ணக் கணக்கு இரண்டாவது. கழகத் தலைவரை அழைப்பதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவர் வந்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார் ஒருவர். அவர் இல்லாமல் பேசினால் அது முதுகுக்குப் பின்னால் பேசுவது என்கிறேன் நான்.

காசிமேடு மீனவப் பெற்றோர்:

அழையுங்கள் அம்மா. ஆனால் இரண்டாம் பொருள் வரும்போது அழையுங்கள், நாற்காலியை மேடைப் பக்கம் போடாமல் பெற்றோர் வரிசையில் போடுங்கள். தீர்மானத்தை எழுதியதும் தலைவர் அதை உரக்கப் படிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத தாய்மாரும் கையெழுத்திடப் போகிறார்கள்.