புதுப்பிப்பு: தினம் ஒரு பதிவு போட்டு என்ன ஆச்சு

போன தை மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மாடித்தோட்டம் பற்றி வலைப்பூவில் எழுதுகிறேன், படிக்க ஆள் வரவில்லை, தினமும் ஒரு பதிவு போட்டால் கூகுளில் மேலே வருமா என்று. போடுங்கள் என்றீர்கள், மூன்று மாதம் விடாமல் போட்டேன்.

சரி, பதிவுகள் கூடின, ஆட்கள் கூடவில்லை. அவசரத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் என்று பெயரை மாற்றி ஒரே விஷயத்தையே எழுதியிருக்கிறேன்.

வழி காட்டியது கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி. இலவசம்தான், என்ன வார்த்தை தட்டித் தேடும்போது நம் பக்கம் தெரிகிறது என்று அதில் பார்க்கலாம். நான் வைத்த தலைப்பு 'மாவுப்பூச்சி மேலாண்மை', ஜனங்கள் தேடியதோ 'செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி'. தலைப்பை அப்படியே மாற்றி, முதல் பத்தியிலேயே விடையை வைத்தேன்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். கூடவே என் செடியின் படம். இப்போது அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறவர்கள், மற்ற எல்லாப் பக்கங்களையும் சேர்த்தாலும் அதிகம்!

அப்புறம், மெட்டா கீவேர்ட் (படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைக்கும் தேடல் சொற்கள்) நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

இனி வாரம் இரண்டுதான். மிச்ச நேரத்தில் பழையவற்றைத் திருத்துகிறேன், அடுத்தது கறிவேப்பிலை.