அம்மாவுக்கு டிஎம்இகே: பழையபடி பார்வை வருமா?

கேள்வி:
அம்மாவுக்கு 67 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கருவிழி வீங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் எல்லாம் புகைமூட்டம்; பதினொரு மணிக்கு மேல்தான் கொஞ்சம் தெளிகிறது. கருவிழியின் உள்பக்கத்திலிருந்து நீரை வெளியேற்றும் எண்டோதீலியம் செல்கள் குறைந்துவிட்டன, டிஎம்இகே என்ற கருவிழிப் படல மாற்று ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
எனக்கு ஃபக்ஸ் நோய், அதே செல்கள் தானாகவே குறைந்துபோகும் நோய். 2 வருடம் முன்பு செய்துகொண்டேன். முழுக் கருவிழியையும் மாற்றுவதில்லை, உள்பக்கத்து மெல்லிய படலத்தை மட்டும்தான். அது ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் காற்றுக்குமிழி விடுவார்கள். மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். அதுதான் பெரும்பாடு. மின்விசிறியையே பார்த்துக் கிடந்தேன், சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் எழுந்தேன். நாலாம் நாள் ஓரம் பிரிந்து மறுபடி காற்று விட்டார்கள். பயந்துவிட்டேன், ஆனால் ஒட்டிக்கொண்டது. ஆறாவது வாரம் பஸ் போர்டைத் தூரத்திலிருந்தே படித்தபோது கண் கலங்கிவிட்டது. பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும்.

பதில் 2:
விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது அதையும் பொறுத்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முழுக் கருவிழி மாற்றைவிட இதில் நிராகரிப்பு (புதுப் படலத்தை உடம்பு ஏற்காமல் எதிர்ப்பது) குறைவு, ஆனாலும் வரலாம். கண் சிவந்தாலோ, கூசினாலோ, மங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, திங்கட்கிழமை விழித்திரையைப் பற்றிக் கேட்கிறேன். அம்மா மல்லாந்து படுத்துப் பழக இன்றே தலையணையை எடுத்துவிட்டார்.