வீட்டு ஓட்டுக்கு மறைப்பு அட்டை வைத்தார்களா, இல்லையா?

தெற்குவாசல் கணக்கர்:
பக்கத்து இழையில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். ரகசியத்துக்கு ஒரு குறையும் இல்லை.” ஒரு குறையும் இல்லையாம்! 2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் தெருவுக்கு அந்தக் குழு வந்தது. இரண்டு அலுவலர், ஒரு போலீஸ், ஒரு வீடியோக்காரர், எல்லாரும் இருந்தார்கள். மறைப்பு அட்டை மட்டும் இல்லை. பாட்டி கட்டிலில் உட்கார்ந்து முக்காலி மேல் சீட்டை வைத்து டிக் அடிக்கிறார். ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் மருமகள். பூத்தில் எதற்கு ஐயா மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைக்கிறோம்? நான் பூத்தில் தலைமை அலுவலராக இருந்தவன். 2019ல் சித்திரைத் தேரோட்டத்தன்று தேர்தல் வந்து மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் நீட்டினார்களே, அன்றைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவன். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

உசிலைக்காரன்:
அந்தத் தம்பி நான்தான். வணக்கம் ஐயா. எங்கள் அப்பத்தாவுக்கு வந்த குழு அட்டை கொண்டுவந்தது. எங்களையெல்லாம் திண்ணைக்கு அனுப்பிவிட்டுத்தான் சீட்டையே கையில் கொடுத்தார்கள். சீட்டு ஓர் உறைக்குள், அந்த உறையும் உறுதிமொழித் தாளும் இன்னொரு பெரிய உறைக்குள். எல்லாம் அப்பத்தா கண் முன்னால் ஒட்டியது. குழு வருகிற நாளை வேட்பாளர்களுக்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள், அவர்கள் ஆளும் கூட வரலாம். அது இருக்கட்டும். பாட்டிக்கு எந்தப் பக்கம் மகன், எந்தப் பக்கம் மருமகள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் எங்கே நின்றீர்கள்?

தெற்குவாசல் கணக்கர்:
தெருவில் நின்றேன். தெரு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. கதவு திறந்திருந்தது. கேள்வி அட்டையைப் பற்றி.

உசிலைக்காரன்:
அப்போ ரகசியத்தைக் கெடுத்தது மகனும் மருமகளும் மட்டும் இல்லை.

செல்லூர் மல்லி:
வயசானவர்களை விட்டு யாரும் நகர மாட்டீர்களா? வீட்டு ஓட்டு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. ஆனால் என் தம்பிக்குப் பார்வை கிடையாது, அவன் வீட்டில் போட மாட்டேன் என்பான், பூத்துக்குத்தான் வருவான். மெஷினில் பட்டனுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண் இருக்கிறது. பிரெய்லில் அச்சடித்த மாதிரிச் சீட்டையும் முதலில் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் போவான். போன தடவை பூத்தில் இருந்தவர், “எதுக்கும்மா கஷ்டம், நீங்களே கூடப் போய் அமுக்கிடுங்க” என்று என் வலது ஆள்காட்டி விரலில் மை வைக்க வந்துவிட்டார். துணைக்குப் போகிறவருக்கு அந்த விரலில் வைப்பார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருத்தருக்கு மட்டும்தான் துணை போகலாம், சட்டம் எல்லாம் சரி. ஆனால் அவன் துணையே கேட்கவில்லையே! தானாகப் போட்டான். அப்புறம் யாருக்குப் போட்டோம் என்று காட்டுகிற விவிபேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிறது. அவனுக்கு அதில் என்ன தெரியும்? “நம்பிக்கைதான்க்கா” என்று சிரிக்கிறான்.

தெற்குவாசல் கணக்கர்:
அம்மா, உங்கள் தம்பியைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த பூத்தில் அட்டை இருந்ததா? இருந்தது. நான் கேட்பது அதைத்தான்.

உசிலைக்காரன்:
அட்டை இருந்தும், துணைக்கு ஆளை அனுப்பப் பார்த்தார்கள் என்று அந்த அக்கா சொல்கிறார்கள். நீங்கள் அட்டைக்கு மார்க் போடுகிறீர்கள்.

திருமங்கலத்தான்:
அண்ணே, வீட்டுக்குப் பணக் கவர் கொடுத்துவிட்டுப் போனவன் அட்டைக்குப் பின்னால் எட்டியா பார்க்கிறான்? வாங்கின கை தானாக அமுக்கும். முதலில் அதற்கு வழி சொல்லுங்கள்.

தெற்குவாசல் கணக்கர்:
கவரைப் பற்றித் திருமங்கலத்துக்காரர் பேசுவது பொருத்தம்தான். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று நாடே சொல்கிறது.

திருமங்கலத்தான்:
வாங்கினவன் ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது. கொடுத்தவன் எந்த ஊர் என்று இன்றுவரை எவனாவது கேட்டானா? எங்கள் ஊரைத் தொட்டால் நானும் பேசுவேன். போலீஸ், கேமரா என்று பெருமை பேசுகிறீர்களே, 2019ல் மதுரை மெடிக்கல் காலேஜில் ஓட்டு மெஷின் வைத்திருந்த கட்டடத்தில் ஒரு தாசில்தார் உள்ளே போய்விட்டு வரவில்லையா? ஐகோர்ட் கலெக்டரையே மாற்றச் சொல்லவில்லையா? அங்கே போலீஸ் இல்லையா?

தெற்குவாசல் கணக்கர்:
அது ஆவணங்கள் வைத்திருந்த அறை. மெஷின் இருந்த அறை இல்லை. தெரிந்து பேசவும்.

திருமங்கலத்தான்:
ஓகோ. அறை எது என்று இவ்வளவு பார்க்கிறவருக்குக் கவர் மட்டும் கண்ணில் படவில்லை.

பழைய சீட்டு:
எதற்கு இந்த வம்பு? எல்லாருக்கும் பழையபடி வாக்குச்சீட்டே கொடுத்துவிட்டால் வீடு, பூத் எல்லாம் ஒன்றுதான். ஜெர்மனி உச்ச நீதிமன்றமே 2009ல் அவர்கள் பயன்படுத்திய மெஷின் செல்லாது என்றுவிட்டது.

தெற்குவாசல் கணக்கர்:
அது அவர்கள் அரசமைப்பு நீதிமன்றம். நம் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று சீட்டுக்குத் திரும்ப முடியாது, எல்லா விவிபேட்டையும் எண்ணவும் முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. விவிபேட்டில் சின்னம் ஏற்றும் கருவியை 45 நாள் சீல் வைத்து வைக்கச் சொன்னது. தோற்றதில் இரண்டாவது, மூன்றாவதாக வந்தவர்கள் பணம் கட்டி மெஷினில் 5 சதவீதத்தைச் சோதிக்கச் சொல்லலாம். படியுங்கள்.

பழைய சீட்டு:
தோற்றதில் இரண்டாவது என்றால் மொத்தத்தில் மூன்றாவது. நீங்கள் படியுங்கள்.

உசிலைக்காரன்:
கணக்கர் ஐயா மெஷினை நம்புவார், கோர்ட்டை நம்புவார், 90 வயது அப்பத்தாவை மட்டும் நம்ப மாட்டார். இந்த ஏற்பாட்டில் உண்மையாகவே ஒரு ஓட்டை இருக்கிறது, அதை ஒருத்தரும் பேசவில்லை. குழு இரண்டு தடவைதான் வரும். இரண்டு தடவையும் ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தால் முடிந்தது. பட்டியலில் தபால் ஓட்டு என்று குறித்துவிட்டதால் பூத்துக்கும் போக முடியாது. வீட்டு ஓட்டு கேட்கிற 12டி படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இதை எத்தனை பேருக்குச் சொன்னார்கள்?

தெற்குவாசல் கணக்கர்:
சொல்வது அவர்கள் கடமை. அட்டை வைப்பதும் கடமை. வைத்தார்களா?

மேலூர் வாசகன்:
அட்டை, உறை என்று பேசுகிறீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996ல் இருந்து பத்து வருடம் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக உட்கார முடியவில்லை. மனுப் போட ஆள் வராது, ஜெயித்தால் ராஜினாமா. 2006ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. ஓட்டுக்குப் பாதுகாப்பு என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

உசிலைக்காரன்:
வந்துவிட்டீர்களா? உசிலம்பட்டி என்று ஒருத்தன் பெயர் வைத்தால் போதும், உடனே இது வந்துவிடும். 1997ல் மேலவளவில் ஊராட்சித் தலைவரையே வெட்டினார்களே, அது எந்தத் தாலுகா?

மேலூர் வாசகன்:
மேலூர்தான். நான் மறைக்கவில்லையே. நான் சொன்னதற்கு அது பதிலும் இல்லை.

செல்லூர் மல்லி:
தாலுகா தாலுகாவாகப் பிரித்துக்கொண்டு சண்டை போடுங்கள். எங்கள் பூத்தில் சாய்தளம் போட்டிருந்தார்கள், அது ஏறி முடிகிற இடத்தில் ஒரு படி. வீல்சேரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். இதைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?

தெற்குவாசல் கணக்கர்:
சாய்தளம் பொதுப்பணி சம்பந்தப்பட்டது. தலைப்பை மாற்ற வேண்டாம். வீட்டு ஓட்டை வீடியோ எடுத்தார்கள் அல்லவா? அதை எடுத்துப் போடச் சொல்லுங்கள். அட்டை இருந்ததா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உசிலைக்காரன்:
ரகசிய ஓட்டை எல்லாருக்கும் வீடியோ போட்டுக் காட்டச் சொல்கிறீர்கள். ரகசியத்தைக் காப்பாற்ற! பிரமாதம் ஐயா.

தெற்குவாசல் கணக்கர்:
சீட்டைக் காட்டச் சொல்லவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு பேசிப் பயன் இல்லை.

திருமங்கலத்தான்:
கவருக்கு இன்னும் பதில் வரவில்லை.

தெற்குவாசல் கணக்கர்:
வராது. நான் கேட்டதற்கு முதலில் வரட்டும்.

உசிலைக்காரன்:
தெருவில் நின்றீர்களா, ஜன்னல் பக்கம் நின்றீர்களா என்று சொல்லுங்கள், தருகிறேன்.