ஃப்ளூ ஊசி போட்ட தோள் எட்டு மாதமாக வலிக்கிறது, இழப்பீடு கேட்கலாமா?

டெக்சாஸ்வாசி:
வணக்கம். போன அக்டோபரில் வீட்டருகே ஒரு பார்மசியில் ஒரே நாளில் இரண்டு ஊசி. ஃப்ளூ இடது கையில், கோவிட் வலது கையில். இடது பக்கம் ரொம்ப மேலே, தோள்பட்டை எலும்பை ஒட்டிக் குத்திவிட்டார்கள். அன்று ராத்திரியே வலி. எம்.ஆர்.ஐ., பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் கையைப் பின்னால் கொண்டுபோய் பெல்ட் மாட்ட முடியவில்லை. பார்மசி மேல் கேஸ் போடலாமா?

மணி_ஜெர்சி:
நேரே பார்மசி மேல் போக முடியாது. ஃப்ளூ ஊசிக்கு 1986 அமெரிக்கச் சட்டப்படி தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில்தான் முதலில் மனு. எதிர்த்தரப்பு மத்திய சுகாதாரத் துறை. ஃப்ளூ ஊசி ஒவ்வொன்றுக்கும் வசூலாகும் 75 சென்ட் வரியிலிருந்து பணம் வரும். குத்தியவர் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

உங்களுக்கு வந்திருப்பது 'சிர்வா' (தடுப்பூசி குத்தியதால் வரும் தோள் காயம்) மாதிரி தெரிகிறது. 2017 முதல் அந்தத் திட்டம் ஏற்கும் பாதிப்புகளின் அட்டவணையில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பு தொந்தரவு இருந்திருக்கக் கூடாது, பாதிப்பு ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும். வலி தொடங்கியதிலிருந்து 3 வருடம் அவகாசம்.

கவிதா:
எந்தக் கையில் எந்த ஊசி என்று பார்மசி பதிவை வாங்கிப் பாருங்கள். கோவிட் ஊசி இதில் வராது. அதற்கு வேறு திட்டம்: கோர்ட் கிடையாது, வக்கீல் ஃபீஸ் தரமாட்டார்கள், ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான்.

டெக்சாஸ்வாசி:
வாங்கினேன். இரண்டுமே இடது கை என்று பதிந்து வைத்திருக்கிறார்கள்! வயிற்றைக் கலக்குகிறது.

மணி_ஜெர்சி:
பதறாதீர்கள், அவசரத்தில் ஒரே பட்டனைத் தட்டியிருப்பார்கள். திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியம், முதல் டாக்டர் குறிப்பு. எந்த ஊசி, எந்த நாளிலிருந்து வலி என்று அதில் இருக்கிறதா?

டெக்சாஸ்வாசி:
"ஊசிக்குப் பிறகு இடது தோள் வலி" என்று மட்டும் இருக்கிறது. ஆனால் அன்றிரவு மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பியது கிடைத்தது: "ஃப்ளூ ஊசி போட்ட கையைத் தூக்கவே முடியலை."

கவிதா:
அதை அழித்துவிடாதீர்கள்! உங்கள் மனைவியும் பிரமாண வாக்குமூலம் தரலாம். கோவிட் கெடுவுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அந்த மனுவையும் போட்டு வைக்கலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். இந்த நீதிமன்றத்தில் பழகியவராகப் பாருங்கள். மனுவில் நியாயமான அடிப்படை இருந்தால், தோற்றாலும் அவருடைய ஃபீஸ் ஃப்ளூ ஊசித் திட்டத்திலிருந்தே வரும். இழப்பீட்டில் பங்கு கேட்டால் அவர் சரியான ஆளே இல்லை.

டெக்சாஸ்வாசி:
நன்றி கவிதா, மணி அண்ணா. திங்கட்கிழமை ஒருவரிடம் பேசப்போகிறேன்.