இணையப் போனில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறதா? ரவுட்டரில் கியூஓஎஸ் (டிராஃபிக் முன்னுரிமை) வைக்கும் முறை

நாம் பேசுவது எதிர்முனையில் வெட்டி வெட்டிக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குத் தெளிவாக வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் அப்லோடில்தான். ரவுட்டர் மெனுவில் 'விஓஐபி: ஹை' (இணையப் போனுக்கு முன்னுரிமை) என்று டிக் போட்டும் மாறவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்பது ரவுட்டரில் இல்லை, அதற்கு அடுத்த மோடத்தில். அங்கே போனபின் நம் முன்னுரிமை செல்லாது. வரிசையை ரவுட்டருக்குள் இழுத்து வர வேண்டும்.

லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, காலையிலும் இரவு 9 மணிக்கும் ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். குறைந்த எண்ணில் 90 சதவீதத்தை ரவுட்டரின் ஷேப்பரில் (வேக வரம்பு அமைப்பில்) போடுங்கள். 10 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் 9000 கேபிபிஎஸ். பிறகு ஒரு ஜன்னலில் 8.8.8.8-க்குப் பிங் (பதில் வரும் நேரத்தை அளப்பது) ஓடட்டும், இன்னொன்றில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். 15 மில்லிசெகண்ட் இருந்த பிங் 300, 400 என்று எகிறினால் வரிசை இன்னும் மோடத்தில்தான். ஐந்து சதவீதம் இறக்கி மறுபடி பாருங்கள்.

*

ஷேப்பர் சரி. ஒரு காலுக்கு (அழைப்புக்கு) எவ்வளவு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜி.711 கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) என்றால் 64 கேபிபிஎஸ், பத்து காலுக்கு 640 என்று கணக்குப் போட்டால் ஏழாவது காலைத் தாண்டியதுமே இடிக்கும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட். அதில் குரல் 160 பைட், ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். வினாடிக்கு 50 பாக்கெட், ஆக 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் உறையும் சேர்ந்தால் 87. ஜி.729 இன்னும் வேடிக்கை: குரல் 20 பைட், தலைப்பு 40. சாம்பாரைவிடப் பாத்திரம் கனம். 8 கேபிபிஎஸ் கோடெக், ஈதர்நெட்டில் 31 தின்னும்.

*

ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு: அதன் வரிசை மேலாண்மைப் பகுதியான எஸ்க்யூஎம்-இல் 'பீஸ் ஆஃப் கேக்' ஸ்கிரிப்ட், பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி குறியைப் பார்ப்பதே இல்லை. குரலுக்குத் தனி வரிசை வேண்டுமென்றால் 'லேயர் கேக்'. போனில் ஆர்டிபி-க்கு (குரல் பாக்கெட்டுக்கு) டிஎஸ்சிபி 46, சிப் (எஸ்ஐபி, அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறை) சிக்னலுக்கு 24 போடுங்கள். 10000 முதல் 20000 வரை எல்லா யுடிபி போர்ட்டுக்கும் முன்னுரிமை கொடுக்காதீர்கள். டொரன்டும் அதே கதவில் நுழைந்துவிடும்.

மைக்ரோடிக் ரவுட்டரில் ஃபாஸ்ட்ட்ராக் (பாக்கெட்டுகளுக்கான குறுக்குவழி) ஓடினால் அந்த டிராஃபிக் சிம்பிள் கியூ, 'குளோபல்' கியூ ட்ரீ பக்கமே வராது. மற்ற ரவுட்டர்களில் ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கும் இதே வேலையைச் செய்யும். எல்லாம் சரியாக இருந்தும் கியூ கவுன்ட்டர் நகரவில்லையா, முதலில் இங்கே பாருங்கள்.

வைஃபையில் இன்னொரு குழி. டிஎஸ்சிபி 46-இன் ஆறு பிட்டில் முதல் மூன்றின் மதிப்பு 5. அதை மட்டும் பார்க்கும் பழைய ஆக்சஸ் பாயின்ட் குரலை வீடியோ வரிசையில் தள்ளும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 (இணையத் தர ஆவணம்) அதை 6-க்கு, அதாவது குரல் வரிசைக்கு, மாற்றச் சொல்கிறது. மேசைப் போனாவது கேபிளில் இருக்கட்டும்.

*

கால் எடுத்துச் சுமார் 32 வினாடியில் தானாக அறுந்தால் அதைக் கியூஓஎஸ் தலையில் கட்டாதீர்கள். நமக்கு வரவேண்டிய அல்லது நாம் அனுப்பிய ஏசிகே (கால் எடுத்ததை உறுதிசெய்யும் சிப் செய்தி) போய்ச் சேரவில்லை. சிப் டைமர் அத்தனை நேரம்தான் காத்திருக்கும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பதும் பெரும்பாலும் நாட் (ரவுட்டர் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) தகராறுதான். ரவுட்டரில் சிப் செய்திகளைத் திருத்தும் சிப் ஏஎல்ஜியை அணைத்து, ரவுட்டரை ரீபூட் செய்து, போனை மறுபடி ரிஜிஸ்டர் செய்யுங்கள். மெனுவில் ஏஎல்ஜி இல்லையென்றால், சேவையாளர் அனுமதித்தால் 5061 போர்ட்டில் டிஎல்எஸ் (மறையாக்கம்) வழியாகப் போங்கள். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாததால் ஏஎல்ஜியால் கைவைக்க முடியாது.