மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்: கற்பனையுலக ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டு) அனுபவங்கள்

நிலவறைவாசி (வெள்ளவத்தை):

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் வீட்டுக்கு வந்திருந்தான். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நான் பிறப்பதற்கு முன்பே வந்த விளையாட்டல்லவா? இன்னுமா முடிக்கவில்லை?" என்று கேட்டான். முடித்துவிட்டேன் என்றேன். எத்தனை தடவை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவன் போன பிறகும் கேள்வி போகவில்லை. முடிந்துபோன ஒன்றுக்குள் ஏன் திரும்பத் திரும்பப் போகிறோம்? பொதுவாகப் பேசினால் கதை, சுதந்திரம், உலகம் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவோம். ஆகவே வேறு விதமாகக் கேட்கிறேன். ஒரே ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள். அந்த விளையாட்டில் யாரையோ, எதையோ எதிர்கொண்ட ஒரு கணம்.

முதலில் என்னுடையது. 2002, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம். யூனிட்டி பிளாசாவில் அப்பா வாங்கித் தந்த கணினியில் 64 எம்பி நினைவகம். தெரிந்த அண்ணா ஒருவர் ஐந்து இறுவட்டுகளை இறப்பர் பட்டி போட்டுக் கட்டி இரவல் தந்தார். 1998இல் வந்த பால்டர்ஸ் கேட். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் போதும், வேறு வட்டைப் போடு என்று கேட்கும். பஸ் நடத்துனருக்குச் சில்லறை பொறுக்குவது போல மேசையில் வட்டுகளைப் பரப்பி வைத்துத் தேட வேண்டும்.

தொடக்கத்திலேயே வளர்ப்புத் தந்தை கோரியன் கொல்லப்படுகிறார். ஃபிரெண்ட்லி ஆர்ம் என்ற விடுதிக்குப் போ, அங்கே என் நண்பர்கள் இருப்பார்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். போனேன். விடுதிப் படிக்கட்டில் ஒருவன் நின்றான். மரியாதையாகத்தான் பேச்சுக் கொடுத்தான். நான் யாரென்று தெரிந்ததும் தன்னைப் போலவே பல உருவங்களை உண்டாக்கிக்கொண்டு எங்கள் மீது அச்சத்தை ஏவினான். என் தோழி இமோயென் ஒரு திசையில் ஓட, நான் மறு திசையில் ஓடினேன். என் பாத்திரம் மந்திரவாதி. அடி தாங்கும் அளவான உயிர்ப்புள்ளி மொத்தம் நான்கே. கடைசிக் கட்டத்தில் வரும் பெரிய அரக்கன் ஒன்றும் இல்லை, விளையாட்டு தொடங்கிய முதல் மணித்தியாலத்தில் வாசற்படியில் நிற்கும் ஒரு கூலிக் கொலைகாரன்! பதினொரு தடவை செத்தேன்.

பன்னிரண்டாவது தடவைக்கு முன்புதான் இமோயெனின் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு மந்திரக்கோல். ஆரம்பத்திலிருந்தே அவளிடம் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. அவன் மந்திரத்தை உச்சரித்துக்கொண்டிருக்கும்போதே அடிபட்டால் அது கலைந்துவிடும். கோலை எடுத்து அவன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அடித்தேன். பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, என்ன சத்தம் என்று வந்து பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாஷ்கெல் ஊரில் மின்ஸ்க் என்ற முரட்டு வீரன் சேர்ந்துகொள்வான். கூடவே ஹாம்ஸ்டர் எனும் சிற்றெலி ஒன்று வைத்திருப்பான். அது விண்வெளியிலிருந்து வந்த குட்டி இராட்சத ஹாம்ஸ்டர் என்று சாதிப்பான். டைனாஹீர் என்ற பெண்ணை ஒரு கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறார்கள், வந்து மீட்டுத் தா என்பான். ஆகட்டும் என்றேன். பிறகு சுரங்கம், காடு, அந்த வேலை, இந்த வேலை என்று சுற்றினேன். ஒரு நாள் அவன் பொறுமை இழந்து பிரிந்துபோய்விட்டான். கொழும்புப் பிள்ளைகளுக்கு மின்வெட்டுப் பயம் இருப்பதால் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை சேமித்துவிடுவோம். நானும் அப்படியே பழைய சேமிப்பின் மேலேயே எழுதி எழுதி, திரும்பிப் போக ஒன்றும் மிச்சமில்லை. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. 25 துணைவர்களில் ஒரு நேரத்தில் ஐந்து பேரைத்தான் கூட்டிப் போகலாம் என்ற கணக்குக்காக மறுபடி விளையாடியதெல்லாம் பிறகுதான். அவன் போனதால்தான் நான் மறுபடி தொடங்கினேன்.

உங்கள் முறை.

மூன்றாம் மாடி (பம்பலப்பிட்டி):

அண்ணா, எங்கள் வீட்டில் மின்வெட்டை விடப் பெரிய அதிகாரம் அம்மாவின் கடிகாரம். தொடர்மாடியில் ஒரே கணினி, நானும் தம்பியும் ஆளுக்கொரு மணித்தியாலம். 2002இல் வந்த மொரோவிண்ட்டைத்தான் அப்படிப் பங்கு போட்டு விளையாடினோம்.

முதல் ஊரை விட்டு வெளியே வருகிறோம். நடந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஓர் அலறல். நெருங்கி நெருங்கி வருகிறது. சுற்றிப் பார்த்தால் யாருமில்லை. மேலே பார்ப்பதற்குள் வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி தொப்பென்று எங்கள் முன்னால் விழுந்து செத்தான்! தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். சடலத்தைச் சோதித்தால் ஒரு குறிப்பேடும் மூன்று மந்திரச் சுருள்களும். அப்போது தம்பியின் முறை. நான் குறிப்பேட்டை வாசி வாசி என்று சொல்லச் சொல்ல, அவன் சுருளை எடுத்து ஓதிவிட்டுக் குதித்தான்.

மேலே போனோம். மலைகள் காலுக்குக் கீழே போயின, கடல் தெரிந்தது. தாவும் திறனை அந்தச் சுருள் 1000 புள்ளி கூட்டிவிடுகிறது. ஆனால் அதன் சக்தி ஏழே நொடிதான். தரையைத் தொடும்போது அது இருக்காது. அந்த மந்திரவாதி எப்படிச் செத்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, அதுவும் அவனைப் போலவே செத்த பிறகு.

என் முறை வந்ததும் மீண்டும் தொடங்கி, ஒரு சுருளில் ஏறி, இறங்குவதற்குச் சற்று முன்பு இரண்டாவதை ஓதினேன். பூனை மாதிரித் தரையில் நின்றேன். தம்பி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த விளையாட்டில் போக வேண்டிய இடத்துக்கு அம்புக்குறி கிடையாது. பாலத்தைக் கடந்து, வழிகாட்டிப் பலகையில் திரும்பி, மலையடிவாரத்தோடு போ என்று யாராவது வாயால் சொல்வார்கள். காலி வீதியில் வழி கேட்டால் கோவிலுக்கு எதிரே உள்ள ஒழுங்கை, பிறகு பேக்கரி என்று சொல்வார்களே, அப்படித்தான். உயிரியல் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்துக்கொண்டு அலைந்தேன். பல தடவை வழி தவறினேன். வழி தவறிப் போன இடத்தில் கண்ட குகைகள்தான் இன்றும் நினைவில் இருக்கின்றன. 2006இல் அதன் அடுத்த பாகமான ஒப்லிவியன் வந்தபோது அழகு கூடியிருந்தது, அம்புக்குறியும் வந்திருந்தது. நான் பலம் பெறப் பெற வழிப்பறிக்காரனும் பலம் பெற்று, கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து என்னிடம் சில்லறை கேட்டான். கவசத்தை விற்றாலே அவன் ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாமே! ஒரு தடவைக்கு மேல் விளையாட மனம் வரவில்லை.

கொத்துரொட்டி:

ஸ்கைரிம், 2011. மாமத யானைகளை மேய்க்கும் ஓர் இராட்சதனைக் கண்டு, இவனையும் பார்த்துவிடுவோம் என்று போனேன். தடியால் ஓர் அடி. அக்காவும் தம்பியும் சுருள் ஓதிப் போன உயரத்துக்கு நான் செலவில்லாமல் போய்வந்தேன். இதுவரை ஐந்து தடவை புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று எப்படித் தொடங்கினாலும் பத்து மணித்தியாலத்தில் இருட்டில் குந்தியிருந்து அம்பு விடுகிறவனாகத்தான் ஆகிறேன். இது விளையாட்டின் குற்றமா, என் பிறவிக் குணமா?

தாயக்கட்டை (கொட்டாஞ்சேனை):

எல்லோரும் கதாபாத்திரங்களையே பேசுகிறீர்கள். நான் மறுக்கிறேன். கதை ஒரு தடவைக்குத்தான். இரண்டாம் தடவை அதே வசனத்தைத் தட்டித் தள்ளிவிட்டுத்தானே போகிறோம்? அம்மம்மா எண்பது வயது வரை தாயம் விளையாடினார். அதில் என்ன கதை இருந்தது? கட்டை எப்படி விழும் என்று தெரியாது, அவ்வளவுதான். கையில் உருட்டும் சத்தத்துக்கே அவர் முகம் மாறும்.

என் சந்திப்பு நெட்ஹாக்கில். 1987இல் வந்தது, படமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் வருமே 'அட்' குறி, அதுதான் நீங்கள். எழுத்துகள்தான் அரக்கர்கள். வளாகத்தில் முதலாண்டு படித்தபோது ஆய்வுகூடத்தின் கிழட்டுக் கணினிகளில் அது ஒன்றுதான் ஓடியது. ஒவ்வொரு தடவையும் நிலவறை புதிதாக அமையும். செத்தால் சேமிப்பும் அழியும். மறுபடி முதல் மாடியிலிருந்து.

அதில் காக்கட்ரிஸ் என்று ஒரு பிராணி, மஞ்சள் நிற ஆங்கில 'சி' எழுத்து. வெறுங்கையால் தொட்டால் நீங்கள் கல். செத்த பிறகும் அதன் உடலுக்கு அந்தக் குணம் போகாது. கையுறை இருந்தால் அந்தச் சடலத்தையே தூக்கி ஆயுதமாகச் சுழற்றலாம், பட்டவன் கல்லாகிவிடுவான். இதை நானாகக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. கையுறை கிடைத்தது, சடலம் கிடைத்தது. எதிரே வந்தவையெல்லாம் சிலை. பக்கத்து இருக்கைப் பையன்கள் கூடிவிட்டார்கள். ஓர் அறைக்குள் இராஜா மாதிரி நுழைந்தேன். அங்கே ஒரு குழி. விழுந்தேன். விழும்போது கையிலிருந்த சடலம் என் மேலேயே பட்டது.

கல்லானேன். பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பொறுப்பாளர் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

இதை எழுதிய எவனோ ஒருவன் உட்கார்ந்து, சடலத்தை ஏந்தியவன் குழியில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறான். அந்த யோசனைக்காகத்தான் நான் திரும்பப் போகிறேன். விதிகள் ஒன்றோடொன்று முட்டும்போது எழுதாத கதை ஒன்று பிறக்கிறது. டயப்லோ என்ற விளையாட்டும் என்னைக் கட்டிப்போட்டது இதனால்தான்: 1996இலேயே ஒவ்வொரு ஆட்டத்திலும் நிலவறை மாறும், விழும் பொருளும் மாறும். இன்னும் ஒரு பெட்டி, இன்னும் ஒரு பெட்டி என்று விடிந்துவிடும். அதில் ஒரு சூதாட்டக் குணம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரவு டேட்டா (தெகிவளை):

தாயக்கட்டை சொல்வதில் பாதி சரி. மறு பாதிக்கு என் அனுபவம் பதில் சொல்லட்டும். (பால்டர்ஸ் கேட் 3 விளையாடப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.)

2023இல் அது வெளிவந்தபோது 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டியிருந்தது. என் பொதியில் பகல் டேட்டா கொஞ்சமாகத்தான் இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகுதான் தாராளம். பன்னிரண்டு மணிக்கு எழும்பித் தொடங்கிவிட்டு, விடியற்காலை நிறுத்துவேன். நோன்புக் காலம் போல நான்கு இரவுகள். அம்மா, யாருக்கு இவன் காவல் இருக்கிறான் என்று கேட்டார்.

முதல் ஆட்டத்தில் தோப்பொன்றில் அல்ஃபிரா என்ற பாடகியைச் சந்தித்தேன். இறந்துபோன தன் ஆசிரியைக்காக ஒரு பாட்டு எழுதுகிறாள், முடிக்க வரவில்லை. கூட இருந்து முடிக்க உதவினேன். அமைதியான ஒரு காட்சி, அவ்வளவுதான். நல்லவனாக விளையாடி முடித்தேன்.

இரண்டாம் தடவை 'இருண்ட உந்துதல்' உள்ள பாத்திரத்தைத் தெரிவு செய்தேன். கொலைவெறி தலைக்குள் குடியிருக்கும் பாத்திரம். ஆனாலும் நல்லவனாகவே இருப்பது என்று தீர்மானித்திருந்தேன். ஓர் இரவு அல்ஃபிரா எங்கள் முகாமுக்கு வந்து, உங்களோடு நானும் வரட்டுமா என்றாள். எனக்கு மகிழ்ச்சி. முதல் ஆட்டத்தில் இது நடக்கவே இல்லையே! படுத்தேன். எழுந்தபோது என் கைகளில் இரத்தம். அவள் பக்கத்தில் கிடந்தாள்.

பகடை உருட்டக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வழி வைக்கவில்லை. சேமிப்பை மீள ஏற்றினேன், மீண்டும் அதே. மூன்றாம் தடவையும் அதே. இரவு இரண்டு மணிக்கு மின்விசிறிச் சத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் ஆட்டத்தில் அவளைத் தெரிந்திராவிட்டால் இது ஒரு பயங்கரக் காட்சி, அவ்வளவோடு போயிருக்கும். அந்தப் பாட்டை நான் கூட இருந்து முடித்தவன் என்பதால்தான் அடித்தது. தாயக்கட்டை அண்ணா, கதை ஒரு தடவைக்குத்தான் என்றீர்களே. எனக்கு அந்தக் கதை இரண்டாம் தடவைதான் தொடங்கியது.

முன்கூட்டியே அவளை உயிர்போகாமல் அடித்து மயங்க வைத்துவிட்டால், அன்றிரவு அவளுக்குப் பதில் வேறொரு பாடகி வந்து சாவாள் என்று பிறகு அறிந்தேன். அதைச் செய்து பார்க்க இன்னும் மனம் வரவில்லை.

மெழுகுதிரி:

2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் புதிய விளையாட்டுகள் மடிக்கணினியின் மின்கலத்தை அரை மணித்தியாலத்தில் குடித்துவிடும். ஆகவே பழையதைத் தேடிப் போனேன்: 1999இல் வந்த பிளேன்ஸ்கேப் டார்மென்ட். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கியது. சண்டை கொஞ்சம், வாசிப்பு மிக அதிகம். இருட்டில் வியர்த்து வழிந்தபடி வாசிப்பதற்கு ஏற்றது.

சவக்கிடங்கின் கல்மேடை ஒன்றில் கண் விழிக்கிறீர்கள். பெயர் நினைவில்லை. மிதந்து வரும் ஒரு மண்டையோடு உங்கள் முதுகில் பச்சை குத்தியிருப்பதை வாசித்துக் காட்டுகிறது. முன்பு நீங்களே உங்களுக்கு எழுதி வைத்த கட்டளை அது. செத்தாலும் பெரும்பாலும் மீண்டும் எழுந்துவிடுவீர்கள். அதனால் சாவு அங்கே தண்டனையே அல்ல. முற்பிறவிகளில் நீங்கள் யாருக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் பயம்.

நான் முதல் தடவை பலத்துக்குப் புள்ளி போட்டேன். பாதிப் பேர் சொன்னது விளங்கவில்லை, பலருடைய நினைவுகள் திறக்கவில்லை. விவேகத்துக்குப் புள்ளி போட்டு மறுபடி தொடங்கினால், அதே ஆட்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். கடைசி எதிரியைக்கூடப் பேசியே வெல்லலாம். நான் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மின்கலம் ஐந்து வீதம் என்று எச்சரித்தது. சேமித்துவிட்டு மூடி, ஒன்பது மணி வரை இருட்டில் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

நிலவறைவாசி (வெள்ளவத்தை):

எல்லாவற்றையும் வாசித்தேன். கொத்துரொட்டி, அது பிறவிக் குணம்தான்.

தாயக்கட்டையோடு சண்டை பிடிக்க நினைத்தேன், முடியவில்லை. அவர் குழியில் விழுந்ததும் என் மின்ஸ்க் போனதும் ஒரே சங்கதி என்று படுகிறது. இரண்டு இடத்திலும் விளையாட்டு எங்களைத் தடுத்து, தம்பி கவனம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, போடுவதற்குத்தான் கணினியில் இடமில்லை. 2012இல் வந்த மேம்படுத்திய பதிப்பை நேற்றிரவு புதிதாகத் தொடங்கினேன். மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். விடுதி வாசலில் இரண்டு தடவைதான் செத்தோம். மந்திரக்கோலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவனாகத்தான் பையைத் திறந்தான். மின்ஸ்க் சேர்ந்ததும் சுரங்கத்தையும் எதையும் பார்க்காமல் நேரே கோட்டைக்குப் போனோம். டைனாஹீர் உயிரோடு இருக்கிறாள், எங்களோடு வருகிறாள். இப்போது நாஷ்கெல் பாலத்தருகே எட்வின் நிற்கிறான். அவளைக் கொல்ல ஆள் தேடுகிறவன். என்ன சொல்கிறான் என்று கேட்டுப் பார்ப்போம் மாமா என்கிறான் மருமகன். எனக்குச் சுற்றிப் போய்விடலாம் என்றிருக்கிறது.