ரானக் மூரில் ஒரு பகல்: 20 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம்

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் ரானக் ரயில் நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான கொரௌருக்கு ரயிலில் செல்ல ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். மூர் எனப்படும் மரமற்ற சதுப்புவெளியின் விளிம்பில் அதே இரண்டு நிலையங்களையும் இணைக்கும் பழைய பாதை ஒன்று உண்டு. கடந்த மே மாத இறுதியில் நானும் நண்பர் ஒருவரும் அதில் மவுண்டன் பைக்கில் சென்றோம். தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் என்பதால் நான்கு மணி நேரத்தில் கடந்து, மாலை ரயிலைப் பிடித்து கிளாஸ்கோ திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். உண்மையில் எட்டு மணி நேரம் ஆயிற்று. அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைப் பகிர்ந்தால், அங்கே செல்ல விரும்புவோருக்கு உதவும் என்று கருதுகிறேன்.

காலை 11 மணியளவில் ரானக்கில் இறங்கியதும் தார்ச்சாலையில் சிறிது தூரம் கிழக்கே சென்று, ஏரிக்கரை அருகே வடக்கே பிரியும் சரளைப் பாதையில் ஏறினோம். ஓடையைக் கடக்கும் பாலம் வரை அது ஜீப் செல்லும் அகலமுள்ள நல்ல பாதை. மேகம் உயரத்தில் இருந்தது, காற்றும் முதுகுப்புறமாக வீசியது. பாலத்தைத் தாண்டியதும் சரளை முடிந்து, 941 மீட்டர் உயரமுள்ள கார்ன் ஜெரக் மலையின் சரிவில் ஈரமான ஒற்றையடித் தடம் தொடங்கியது. டயர்களின் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக்கொண்டோம். ஆனாலும் முதல் நூறு மீட்டருக்குள்ளாகவே என் முன்சக்கரம் அச்சுவரை மண்ணில் இறங்கிவிட்டது.

அந்த மண்ணைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது நாம் அறிந்த சேறு அன்று. பீட் எனப்படும், நீரில் ஊறி முழுமையாக மட்காமல் படிந்து கிடக்கும் தாவர எச்சம். ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. என் சக்கரம் புதைந்த ஆழத்திலேயே சில நூற்றாண்டுகளின் பாசியும் புல்லும் அடுக்கடுக்காகக் கிடந்தன. இதே மூரின் குறுக்கே 1894-இல் திறக்கப்பட்ட ரயில் பாதையை அமைத்தவர்கள், அடித்தளம் பாவ உறுதியான நிலம் கிடைக்காமல், சுள்ளிகளையும் புதர்களையும் மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டித் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்கள். ரயிலுக்கே மெத்தை தேவைப்பட்ட நிலம் ஒரு சைக்கிளின் மெல்லிய சக்கரங்களை எப்படித் தாங்கும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அங்கேதான் எதிரே நடந்துவந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். பல ஆண்டுகளாக அந்த வழியில் நடப்பவர் என்பது அவர் கால் வைத்த விதத்திலேயே தெரிந்தது. நாங்கள் சேற்றைச் சுற்றிக்கொண்டு புல்லின் மேல் சைக்கிளை உருட்டுவதைப் பார்த்து நின்றவர், ஒவ்வொருவரும் அப்படிச் சுற்றினால் தடம் ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகும் என்றும், நடுவிலேயே நடந்து செல்வதுதான் நிலத்துக்கு நல்லது என்றும் பணிவாகச் சொன்னார். பிறகு தம் ஊன்றுகோலால் செடிகளைச் சுட்டிக்காட்டி, தரையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பழுப்பும் கருமையுமாக ஹெதர் புதர் வளர்ந்திருந்தால் அங்கே மண் ஓரளவு காய்ந்திருக்கும். வெண்ணிறப் பஞ்சுத்தலையோடு பருத்திப்புல் அசைந்தால் அடியில் நீர் நிற்கிறது என்று பொருள். கண்ணைக் கவரும் பச்சையில் மெத்தென்று பரவியிருக்கும் ஸ்பாக்னம் பாசியின் மீது மட்டும் எந்நிலையிலும் காலோ சக்கரமோ வைக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடப் பாடம் இல்லாவிட்டால் அன்று நாங்கள் பாதி வழியிலேயே திரும்பியிருப்போம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன் பிறகு ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டோம். ஹெதர் தெரிந்த இடங்களில் மிதித்தும், வெண்பஞ்சு தெரிந்த இடங்களில் இறங்கித் தள்ளியும், பச்சை தெரிந்தால் சைக்கிளைத் தோளில் சுமந்தும் சென்றோம். மொத்தத்தில் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் தள்ளியோ சுமந்தோதான் கடந்திருப்போம். ஒரு மேட்டின் மறுபுறம், காற்று இப்போது திசை மாறி எதிரே வீசியதால் எங்கள் வாடையை உணராமல் சிவப்பு மான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நண்பர் பிரேக் பிடித்ததும் அவை ஒரே நேரத்தில் தலை நிமிர்த்தி, ஓசையின்றிச் சரிவில் ஏறி மறைந்தன.

பிற்பகல் மூன்றரை மணிக்கு மேகம் இறங்கியது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நேரத்தில், கண்ணில் படாத ஹெதர் தண்டு ஒன்று பின்சக்கரத்தில் சிக்கி, கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கரை முறித்துவிட்டது. மாற்று ஹேங்கர் கொண்டுவராதது முழுக்க என் தவறு. மழையில் விறைத்த விரல்களால் செயினைச் சுருக்கி ஒற்றைக் கியராக மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அலைபேசியில் சிக்னல் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது 1889 ஜனவரியில் இந்தப் பக்கம் நடந்த ஏழு பேரை நினைத்துக்கொண்டேன். ரயில் பாதைக்கான வழியைப் பார்வையிட ஸ்பீன் பிரிட்ஜ் ஊரிலிருந்து ரானக் நோக்கிப் புறப்பட்ட அவர்கள், மோசமான வானிலையிலும் இருளிலும் சிக்கி, மூரிலேயே சிதறிப்போய், மரணத்தின் விளிம்பு வரை சென்று எழுவருமாக உயிர்தப்பினார்கள். எங்களுக்கு மே மாதத்து நீண்ட பகல் இருந்தது. வரைபடமும் திசைகாட்டியும் விசிலும் இருந்தன. பிரிட்டனின் மலைகளில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஊதுவதே ஆபத்துக்கான அழைப்பு. அதை ஊதும் நிலை வரவில்லை என்றாலும், விசிலைப் பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மூடுபனிக்குள் முதலில் தெரிந்தது பழைய கொரௌர் மாளிகையின் இடிபாடு. வேட்டைக்கு வருவோருக்காக 500 மீட்டருக்கு மேல் கட்டப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட கட்டடம் அது. அதன் சுவரோரம் ஒதுங்கி, எங்களிடம் மீதமிருந்த கடைசி ரொட்டியைப் பகிர்ந்துகொண்டோம். அங்கிருந்து ஓசியன் ஏரி வரை இறக்கம், அதுவும் கெட்டியான தடம். மிதிக்கத் தேவையில்லாத அந்தச் சில கிலோமீட்டரில், அன்று முதன்முறையாகச் சைக்கிள் தன் இயல்பில் ஓடியது. மேகத்துக்குக் கீழே வந்ததும் ஏரி முழுவதும் வெள்ளித் தகடாகத் தெரிந்தது. நண்பர் பின்னாலிருந்து கத்தியது மகிழ்ச்சியிலா களைப்பிலா என்று நான் கேட்கவில்லை.

கொரௌர் நிலையத்தை அடைந்தபோது மணி ஏழைக் கடந்திருந்தது. மாலை ரயில் போய்விட்டது. பொதுச்சாலையே எட்டாத, 408 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையம் அது. நல்லவேளையாக, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் பின்னால், ஏரிக்கரையில் இருக்கும் இளைஞர் விடுதியில் இரண்டு படுக்கைகள் காலியாக இருந்தன. ஈர உடைகளை அடுப்பருகே தொங்கவிட்டுவிட்டு, பத்து மணி வரை மங்காத வெளிச்சத்தில், ஜன்னல் கண்ணாடியை மொய்த்த மிட்ஜ் என்னும் நுண்பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செல்ல விரும்புவோருக்கு ஒரு செய்தி: 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்போடு சைக்கிள் ஓட்டும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்தப் பொறுப்பில் பீட் மண்ணைக் கிழிக்காமல் செல்வதும் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாரம் மழையின்றிக் காய்ந்த பிறகு செல்லுங்கள். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் என்பதால் அந்த நிலத்துக்குரிய பண்ணையில் முன்கூட்டியே விசாரியுங்கள். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றைத் தவறாமல் கொண்டுசெல்லுங்கள்.

மறுநாள் ரயிலில் ஏறியதும் நாங்கள் இருவரும் கிழக்குப் பக்க ஜன்னலோரம் அமர்ந்தோம். பனிக்குவியலிலிருந்து தண்டவாளத்தைக் காக்கும் கூரையைக் கடந்ததும் மூர் விரிந்தது. நண்பர் கண்ணாடியில் விரலை வைத்து, "ஹெதர், ஹெதர், பஞ்சு, பச்சை" என்று ரானக் வரும் வரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.